கையில் எதைப் பிடிப்பது?

பிளஸ் டூ முடிக்கிற பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் வழக்கமாக மூன்று படங்கள் வாய்க்கும். முதலாவது, ஹால் டிக்கெட் படம். சீருடை, எண்ணெய் வைத்து வாரிய தலை, காது தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது. இரண்டாவது, குரூப் போட்டோ. மைதானத்தில் பெஞ்சு போட்டு, தலைமை ஆசிரியர் நடுவில், உயரமானவர்கள் பின்வரிசையில். மூன்றாவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ரிசல்ட் வந்த பிறகு பள்ளிக்கூட வாசலில் கட்டுகிற ஃபிளெக்ஸில், பெயருக்குக் கீழே மதிப்பெண்ணோடு வருவது.

சில வருடங்களாக நான்காவதாக ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் கல்யாணம், மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு என்று ஓடிக்கொண்டிருந்த கேமராக்காரர்களிடம் இப்போது பள்ளி முடிக்கிற பிள்ளைகளும் போய் நிற்கிறார்கள். ஃபேர்வெல் நாளில் சேலையும் வேட்டியுமாகக் கூட்டமாக எடுத்துக்கொள்கிற படத்தைச் சொல்லவில்லை. தனியாக, தனக்கே தனக்கென்று ஒன்று. வசதி இருந்தால் காரை வரைக்கும் போய், அந்தச் செம்மண் பள்ளங்களுக்கு நடுவில் நின்று எடுக்கிறார்கள். இல்லையென்றால் ஸ்டூடியோவிலேயே. படம் எடுப்பவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "உனக்கு என்ன இன்ட்ரஸ்ட்? அதக் கையில வச்சுக்க."

இந்தக் கேள்வி எவ்வளவு அன்பானது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வருடப் பள்ளிக்கூடத்தில் இதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பள்ளி ஆவணங்கள் ஒரு பிள்ளையை எப்படி அடையாளம் காண்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளங்கள் என்று ஒரு கட்டம் இருக்கும். அதற்காக ஆசிரியர் முன்னால் வரிசையில் நின்று, சட்டைக் கையை ஏற்றி, மச்சம் தேடிய அனுபவம் உங்களுக்கும் இருக்கலாம். "வலது முழங்கைக்கு மேல் ஒரு மச்சம்." இரண்டு மச்சம், அப்பா பெயர், பிறந்த தேதி, சாதி. ஆளை இன்னொரு ஆளிலிருந்து பிரித்துக் காட்ட நிர்வாகத்துக்கு இது போதும். அந்த ஆள் யார் என்பது அதன் கவலை இல்லை.

ஃபிளெக்ஸ் படம் வேறு வகை. அது ஆளை எண்ணோடு சேர்த்துக் கட்டுகிறது. 2017இல் தமிழக அரசு பொதுத்தேர்வு முடிவுகளில் முதல் மூன்று இடம் அறிவிப்பதை நிறுத்தியது நல்ல முடிவு. ஆனால் அதே வருடம்தான் அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதாவின் முகம் தமிழகம் முழுக்கச் சுவர்களில் வந்தது. 1200க்கு 1176 வாங்கியவர், நீட் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போனவர், செப்டம்பர் 1 அன்று இறந்துபோனார். அந்த எண் நியாயத்துக்காகச் சொல்லப்பட்டது. சொல்லப்பட வேண்டியதும்தான். ஆனாலும் நம்மில் பலருக்கு அந்த முகத்தோடு சேர்த்து நினைவிருப்பது எண் மட்டும். அவருக்கு எந்தப் பாட்டு பிடிக்கும், எந்தப் பாடம் போரடிக்கும் என்று நமக்குத் தெரியாது. ஒரு முகம் ஒரு கோரிக்கையின் சின்னமாக ஆகிவிட்டால், அந்தக் கோரிக்கை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், முகத்துக்கு உரியவருக்கு அதில் இடம் கொஞ்சம் சுருங்கிவிடுகிறது.

ஆக, மச்சமாகவும் எண்ணாகவும் மட்டுமே பார்க்கப்பட்ட ஒரு பதினேழு வயதுக்காரரிடம் "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்பது பெரிய விஷயம். என் சந்தேகம் கேள்வியின் இரண்டாம் பாதி மீது. "அதக் கையில வச்சுக்க" என்கிற பாதி.

இந்தப் பழக்கத்தின் ஊர் அமெரிக்கா. அங்கே 1860களிலேயே ஜார்ஜ் வாரன் போன்ற புகைப்படக்காரர்கள், கல்லூரியில் படிப்பு முடிப்பவர்களின் படங்களை எடுத்து விற்றார்கள். மாணவர்கள் நண்பர்கள், ஆசிரியர்கள் படங்களை வாங்கி ஆல்பமாகக் கட்டிக்கொண்டார்கள். அதிலிருந்து வளர்ந்த வழக்கம் உயர்நிலைப் பள்ளிக்கும் வந்து, இன்றைக்குக் கடைசி வருட மாணவர் கால்பந்தோடும் கிதாரோடும் குதிரையோடும் தனியாகப் படம் எடுத்துக்கொள்வது அங்கே சாதாரணம். நமக்கு இது இன்ஸ்டாகிராம் வழியாக வந்தது.

ஆனால் கையில் ஏதாவது பிடித்துக்கொண்டு நிற்பது நமக்குப் புதிதில்லை. உங்கள் தாத்தா பாட்டி வீட்டுச் சுவரைப் பாருங்கள். வரைந்த படிக்கட்டு, வரைந்த நிலா, பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் பிளாஸ்டிக் பூ. ஸ்டூடியோவுக்குச் சொந்தமான டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு, வீட்டில் கரண்டுகூட இல்லாத ஒருவர் நிற்பார். படிப்பு முடித்தவர் ஸ்டூடியோக்காரர் மாட்டிவிட்ட கறுப்பு அங்கியோடு, கையில் சுருட்டிய காகிதத்தோடு நிற்பார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தில், தமிழகத்துப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடித்தேடிப் பிரதி எடுத்துப் பாதுகாத்திருக்கிறார்கள். குடும்பத்துக்கு வெளியே யாரும் மதிக்காத படங்கள் அவை. அவற்றில் நம் ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதைவிட, எப்படித் தெரிய ஆசைப்பட்டார்கள் என்பது அதிகம் பதிந்திருக்கிறது.

அந்த டெலிபோன் பொய்யா? நான் அப்படி நினைக்கவில்லை. படம் எடுத்தவருக்குத் தெரியும், நின்றவருக்குத் தெரியும், சுவரில் பார்த்த சொந்தக்காரர்களுக்கும் தெரியும், அது ஸ்டூடியோ டெலிபோன் என்று. யாரும் ஏமாறவில்லை. அது ஆசையைச் சொன்னது, வாக்குமூலம் கொடுக்கவில்லை. இன்றைய நான்காவது படம் கேட்பது வாக்குமூலம். "இதுதான் நான், இதுதான் என் விருப்பம்" என்று சொல்லச் சொல்கிறது. பொருள் அதே ஸ்டூடியோ பொருளாக இருக்கலாம். அதன் மேல் நாம் ஏற்றுகிற சுமை மாறிவிட்டது.

இந்தச் சுமையை நான் கண்ணால் பார்த்தது ஒரு பையனுக்குத் துணையாகப் போனபோது. ஆலத்தூர் பக்கத்துப் பையன், என்னை மாமா என்று கூப்பிடுவான். கர்சீப்பில் சுற்றி ஒரு கல் கொண்டுவந்திருந்தான். உள்ளங்கை அளவு, ஆட்டுக்கடா கொம்பு மாதிரி சுருண்டது. அம்மோனைட். இன்றைக்குக் காரையாகவும் அரியலூராகவும் இருக்கிற நிலத்தின் மேல் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடல் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த உயிர் அது. அவன் அதைப் பொறுக்கி எடுத்தது சரியா என்பது தனி விவாதம். அந்த இடங்கள் அப்படியே பாதுகாக்கப்பட வேண்டியவை. ஆனால் அவன் ஆர்வத்தில் சந்தேகமில்லை. வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் பஸ் மாறிப் போய் வந்தவன். சாத்தனூர்க் கல்மரத்தைப் பற்றிக் கேட்டால் பத்து நிமிடம் பேசுவான்.

"என்ன தம்பி இது, கல்லு?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"அம்மோனைட்ண்ணே."

"பாக்குறவங்களுக்கு என்னன்னு தெரியணும்ல. இந்தா, இந்த கிதாரப் புடி. செமயா இருக்கும்."

அவர் கெட்டவர் இல்லை. தொழில் தெரிந்தவர். படத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை தெரியும், அவ்வளவுதான் என்று அவருக்குத் தெரியும். பையன் கிதாரையும் பிடித்தான், கல்லையும் பிடித்தான். வீட்டில் மாட்டியிருப்பது கிதார் படம். அவனுக்கு கிதார் வாசிக்கத் தெரியாது.

அன்றைக்கு எனக்கு ஒன்று உறைத்தது. கேமரா எல்லா ஆர்வங்களையும் ஏற்றுக்கொள்வதில்லை. பார்த்த உடனே புரிகிற பொருள் உள்ள ஆர்வங்களை மட்டுமே ஏற்றுக்கொள்கிறது. கிதார், கிரிக்கெட் மட்டை, கேமரா, ஸ்டெதாஸ்கோப், புல்லட் வண்டி. மிமிக்ரி செய்கிறவன் எதைப் பிடிப்பான்? மனக்கணக்கில் சந்தோஷப்படுகிறவள்? ஆட்டின் குரலை வைத்தே எந்த ஆடு என்று சொல்கிற பிள்ளை? மற்றவர்கள் பேசுவதைப் பொறுமையாகக் கேட்பதுதான் தன் இயல்பு என்று இருப்பவள்? இவர்கள் எல்லோருக்கும் பொருள் இல்லாததால் கடைசியில் கையில் வருவது கிதார். தனித்தன்மையைக் காட்டுவதற்காக ஆரம்பித்தது, நாலைந்து பொருள்களுக்குள் எல்லோரையும் அடைத்துவிடுகிறது. சீருடையைக் கழற்றச் சொல்லிவிட்டு வேறு நான்கு சீருடைகளை நீட்டுவது போல.

கையில் பொருளைக் கொடுத்து ஆளை வகைப்படுத்துவதற்கு நம் நாட்டில் ஒரு மோசமான முன்கதையும் இருக்கிறது. 1868க்கும் 1875க்கும் இடையில் பிரிட்டிஷ் அரசு 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' என்று எட்டுத் தொகுதிகள் வெளியிட்டது. சாதி வாரியாக, இன வாரியாக ஆட்களை நிறுத்திப் படம். நின்றவர் பெயர் முக்கியமில்லை. அவர் எந்த வகை என்பதுதான் முக்கியம். கையில் இருந்த ஆயுதமும் கருவியும் வகையைச் சொல்லும் அடையாளச் சீட்டாகப் பார்க்கப்பட்டன. ஜெர்மனியில் அகஸ்ட் ஸாண்டரும் ஒருவகையில் வகைப்படுத்தியவர்தான். விவசாயி, வக்கீல், செங்கல் சுமப்பவர் என்று தொழில்வாரியாக எடுத்தார். 1928இல் அவர் எடுத்த பலகாரக்காரர் படத்தில் பெரிய பாத்திரமும் கரண்டியும் இருக்கும். ஆனால் அந்த மனிதர் கேமராவைப் பார்க்கிற பார்வையில், பாத்திரத்துக்கு அடங்காத ஒரு ஆள் நிற்கிறார். 1936இல் நாஜிகள் ஸாண்டருடைய புத்தகத்தின் அச்சுத் தகடுகளை அழித்தார்கள். அவர்கள் விரும்பிய ஒரே அச்சு முகத்துக்கு அந்தப் படங்கள் ஒத்துவரவில்லை. ஆகவே கையில் பொருள் இருப்பதே தப்பு என்று சொல்ல முடியாது. பொருளைத் தாண்டி ஆள் தெரிகிறாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதை நாம் நேராகப் பேச வேண்டும். தமிழ்நாட்டில் ஒருவன் "இது என் அடையாளம்" என்று காட்டுவது பல சமயம் அவனுடையதாக இருப்பதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி அணிவதைத் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கையில் கட்டியிருக்கிற கயிறைக் கேட்டால் அந்தப் பையனும் "இது என் இஷ்டம்" என்றுதான் சொல்வான். காமராஜர் காலத்திலிருந்து இலவசச் சீருடை கொடுத்துக் கொடுத்து, வீட்டு வித்தியாசம் வகுப்புக்குள் வரக் கூடாது என்று நாம் பாடுபட்டது இதற்காகத்தான். சீருடை ஒரு அடக்குமுறை என்று பதினேழு வயதில் எனக்கும் தோன்றியதுண்டு. கிழிந்த சட்டைக்கும் கயிறுக்கும் நடுவில் ஒரு பிள்ளை கூச்சமில்லாமல் உட்கார அது செய்கிற உதவியும் சேர்ந்துதான் இருக்கிறது.

அப்படியென்றால் படத்தில் குழுவின் அடையாளமே வரக் கூடாதா? பறையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்ட ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்தேன். தோளில் மாட்டி, குச்சி இரண்டும் விரலில், முகம் நிறையச் சிரிப்பு. பறையும் ஒரு சாதியோடு சேர்த்துச் சொல்லப்பட்டதுதான், அதுவும் இழிவாக. அவள் அதைப் பெருமையாகப் பிடித்திருக்கிறாள். கயிறை வேண்டாம் என்கிற நான் இந்தப் படத்தை ஏன் ரசிக்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நான் கண்டுபிடித்த பதில் எளிமையானது: பக்கத்தில் நிற்பவன் கையில் இதைக் கொடுப்பாயா? பறையை அவள் யாருக்கும் கொடுப்பாள், அடிக்கவும் சொல்லித் தருவாள். கயிறு அப்படி இல்லை. அடுத்தவன் கட்டிக்கொள்ள முடியாமல் இருப்பதில்தான் அதன் மதிப்பே இருக்கிறது. ஒரு ஆர்வம் உண்மையில் ஆர்வம்தான் என்றால் பகிர்ந்துகொள்ள முடியும். கல்லை வைத்திருந்த பையன் வழியில் என் கையிலும் அதைக் கொடுத்து, "வெயிட்டப் பாருங்க மாமா" என்றான்.

இதுவரை சொன்னது, ஆர்வம் இருக்கிறவர்களைப் பற்றி. இல்லாதவர்கள்?

வேப்பந்தட்டைப் பக்கம் தெரிந்த வீட்டுப் பெண் ஒருத்தி அந்த வருடம் பிளஸ் டூ. உனக்கு என்ன பிடிக்கும் என்று சும்மா கேட்டேன்.

"ஒண்ணுமில்லண்ணா."

"எதாவது இருக்குமே."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தூங்கப் புடிக்கும்" என்று சிரித்தாள்.

அவள் அம்மாவும் சிரித்தார். "அது எங்க தூங்குது? வெடியக்காலம் எந்திரிச்சு மாட்டைப் பாத்துட்டு, ஸ்பெஷல் கிளாசுக்கு பஸ்ஸப் புடிக்கணும். பருத்தி எடுப்பு வந்துச்சுன்னா ஞாயித்துக்கெழமையும் போச்சு."

பெரம்பலூர் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற மாவட்டம். இந்தப் பயிர்கள் எல்லாமே ஆள் கேட்பவை. பிள்ளைகளின் விடுமுறைக்கும் அறுவடைக்கும் இங்கே நெருங்கிய உறவு உண்டு. ஆர்வம் என்பது ஏதோ எல்லோருக்கும் பிறக்கும்போதே கூட வருவது போல நாம் பேசுகிறோம். அது நேரத்தில் வளர்கிற பொருள். ஒருவர் மாலை ஐந்து மணிக்குமேல் சும்மா இருக்க முடிந்தால்தான் எதிலாவது கை வைத்துப் பார்ப்பார், சலிப்பார், வேறொன்றுக்குப் போவார், அதில் ஒன்று ஒட்டிக்கொள்ளும். அந்தச் சும்மா இருக்கிற நேரமே கிடைக்காதவளிடம் "உன் ஆர்வத்தைக் காட்டு" என்று கேட்பது, அவளிடம் இல்லாத ஒன்றை அவளுடைய குறையாக ஆக்கிவிடுகிறது. ஹால் டிக்கெட் படத்தில் அவளும் கிதார்க்காரனும் ஒரே அளவு. நான்காவது படத்தில் அவளுக்குக் கை வெறுமை.

ஆனால் வெறுங்கையை ஏன் குறையாகப் பார்க்க வேண்டும்?

அரியலூர் மாவட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. கோயிலின் வடக்கு வாசல் படிக்குப் பக்கத்துச் சுவரில் சண்டேச அனுக்கிரக மூர்த்தி சிற்பம். பார்வதியோடு அமர்ந்திருக்கும் சிவன், கீழே உட்கார்ந்திருக்கிற சண்டேசரின் தலையில் பூமாலையைச் சுற்றிவிடுகிறார். அந்தச் சண்டேசர் வழியாக ராஜேந்திரன் தன்னையே காட்டிக்கொண்டான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அது சரியென்றால் யோசித்துப் பாருங்கள். கங்கை வரை படை அனுப்பியவன், கடல் தாண்டிக் கப்பல் அனுப்பியவன். கையில் பிடிக்க அவனுக்கு ஆயிரம் பொருள் இருந்தது. அவன் தேர்ந்தெடுத்த படத்தில் வாளும் இல்லை, செங்கோலும் இல்லை. தலை குனிந்திருக்கிறது, இரண்டு கைகளும் கூப்பியிருக்கின்றன. தான் என்ன வைத்திருக்கிறேன் என்பதைச் சொல்லாமல், தான் யாரிடமிருந்து பெற்றுக்கொள்கிறேன் என்பதைச் சொல்கிற படம் அது. அரசனின் பணிவில் அரசியலும் இருக்கும், அது வேறு கதை. ஆனால் ஒரு மனிதரைக் காட்டுவதற்கு அவர் கையில் பொருள் இருந்தே ஆக வேண்டும் என்று இல்லை.

ரோலான் பார்த் 1980இல் வெளிவந்த தன் புகைப்பட நூலில், கேமரா முன்னால் நிற்கும்போது ஒரே நேரத்தில் நாலு பேராக நிற்கிறோம் என்ற பொருளில் எழுதுகிறார்: நான் என்று நான் நினைப்பவன், மற்றவர் நினைக்க வேண்டும் என்று நான் விரும்புகிறவன், படமெடுப்பவர் நினைப்பவன், தன் திறமையைக் காட்ட அவர் பயன்படுத்துகிறவன். பதினேழு வயதில் இதற்கு ஐந்தாவதாக ஒரு ஆளையும் சேர்க்கலாம் என்று எனக்குப் படுகிறது. இன்னும் ஆகாத ஆள். இன்றைய கிதார்க்காரன் இருபத்தைந்து வயதில் சிமெண்ட் ஆலையில் கணக்கு எழுதலாம், அதை விரும்பியும் செய்யலாம். தூக்கம் பிடிக்கும் என்றவள் எதையாவது கண்டுபிடித்து அதில் மூழ்கிப் போகலாம். "இதுதான் நீ" என்று இந்த வயதில் சட்டகம் போட்டு மாட்டிவிட்டால், அந்த ஐந்தாவது ஆளுக்கு வழி அடைத்துக்கொண்டு நிற்பது அந்தப் படமாகவே இருக்கலாம்.

அதனால் இந்த நான்காவது படத்தை வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. மச்சத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் வெளியே பிள்ளைகள் தங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு இடம் தேவை. நான் கேட்பது சின்ன விஷயங்கள். பிள்ளை கொண்டுவருகிற பொருள் யாருக்கும் புரியாவிட்டாலும் அதைப் பிடிக்க விடுங்கள். பார்க்கிறவர் "இது என்ன?" என்று கேட்பதில்தான் ஒரு பேச்சு ஆரம்பிக்கும்; கிதாரைப் பார்த்து யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆசைக்காக ஸ்டூடியோ கிதாரைப் பிடிப்பவரையும் விடுங்கள், தாத்தாவின் டெலிபோன் போல. எதுவும் பிடிக்க விரும்பாதவரை வெறுங்கையோடு நிற்க விடுங்கள், "கை அநாதையா தொங்குது" என்று ஒரு பிளாஸ்டிக் ரோஜாவைத் திணிக்காதீர்கள். பள்ளிகள் இதைத் தாங்களே ஏற்பாடு செய்வதாக இருந்தால், காசு கட்டியவருக்கு மட்டும் என்று வைக்காதீர்கள்.

குரூப் போட்டோவிலும் ஒன்று கவனித்திருப்பீர்கள். முதலில் எல்லோரும் விறைப்பாக நிற்கிற படம். அது முடிந்து ஆசிரியர்கள் நாற்காலியை விட்டு எழுந்து போனதும், பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்துவான்: "அண்ணே, ஃப்ரீயா ஒண்ணு!" அந்த இரண்டாவது படத்தில் யார் கையிலும் பொருள் இருக்காது. கைகள் எல்லாம் அடுத்தவர் தோளில், கழுத்தில், தலைக்கு மேல் கொம்பு வைத்துக்கொண்டு இருக்கும். வேப்பந்தட்டைப் பெண்ணின் வகுப்பிலும் அப்படி ஒன்று எடுத்திருக்கிறார்கள். அவள் போனில் காட்டினாள். மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். கண் பாதி மூடியிருக்கிறது, இரண்டு பக்கமும் இரண்டு தோழிகள் அவளைப் பிடித்து இழுக்கிறார்கள். "இதுல நல்லாவே இல்லண்ணா, ஆனா இதத்தான் டிபி வச்சிருக்கேன்" என்றாள்.